வகுத்த வழியும் நடந்த வழியும்

கொழும்பு ஹெவ்லொக் டவுனை அடுத்துள்ள கிருள வீதியிலே இலங்கை நில அளவைத் திணைக்களம் அமைந்திருக்கின்றது. 1800ஆம் ஆண்டு ஓகஸ்ற் 2ஆம் திகதி தோற்றுவிக்கப்பட்ட இந்நிறுவனம், இத்தீவு முழுவதையும் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவுத்திட்டத்தில் 72 தாள்களிலே வரைந்து வைத்தது. அத்தாள்களிற் காணப்படும் பாதைகளுக்கும் எல்லைகளுக்கும் பின்னால், சங்கிலி பிடித்துக் காடும் மேடும் ஏறியிறங்கிய மனிதர் இருந்தனர். கோடு வரைபவனின் காலும் ஓரளவுக்கேனும் அந்நிலத்திற் பட்டிருந்தது. வரைபவன் ஒருவனாகவும் நடப்பவன் வேறொருவனாகவும் பிரிந்துவிடும்போதுதான் அறவியல் சார்ந்த வினாவொன்று தலைதூக்குகின்றது. தான் ஒருபோதும் நடக்கப் போகாத வழியைப் பிறர்க்கு வகுத்துக் கொடுப்பவன், அவ்வழியில் நேர்வனவற்றுக்கு எத்துணைப் பொறுப்பாளி ஆவான்?

இப்பிரிவு அதன் உச்ச நிலையை எய்தியிருக்கும் இடம் செவ்வாய்க் கிரகமாகும். அங்கு ஊரும் தானியங்கி ஊர்திகளுக்கு வழி வகுப்போர் கலிபோர்னியாவின் பசடீனா நகரிலுள்ள ஆய்வுகூடத்தில் அமர்ந்திருக்கின்றனர். பூமியிலிருந்து புறப்படும் வானொலிச் சைகை செவ்வாயைச் சென்றடைய, இரு கோள்களின் நிலையைப் பொறுத்து, 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை செல்கின்றது. ஆகவே, வண்டியோட்டி கடிவாளத்தை இழுப்பதுபோல ஊர்தியை உடனுக்குடன் திருப்புதல் இயலாது. ஊர்தி மாலையில் அனுப்பும் படங்களை ஆராய்ந்து, மறுநாட் பயணத்துக்குரிய கட்டளைகளை ஒருங்கே எழுதிக் காலையில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பயணத்தின் பெறுபேறு தெரியவரும் வேளையில், நடப்பது நடந்து முடிந்திருக்கும். வழி வகுப்போருக்கு உதவியாக, கிரகத்தைச் சுற்றிவரும் கலமொன்று மேலிருந்து எடுக்கும் படங்கள் உள்ளன. அவற்றின் ஒரு புள்ளி நிலத்தில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றருக்குச் சமமானது. அதனினும் சிறிய கல் அப்படத்திலே தனியாகத் தோன்றுவதில்லை. ஆனால், சில்லைக் கிழிப்பதற்கு அத்துணைப் பெரிய கல் தேவையுமில்லை. 2012இல் இறங்கிய கியூரியோசிற்றியின் அலுமினியச் சில்லுகள் அடுத்த ஆண்டிலேயே கூரிய கற்களால் துளைபட்டன. அதன்பின் வழி மாற்றப்பட்டது. 2014 பெப்ரவரியில், கல் நிறைந்த குறுக்கு வழியை விடுத்து, டிங்கோ கப் என்னும் இடத்திலிருந்த மணல்மேட்டின் மீதேறி ஊர்தி அப்பாற் சென்றது.

இவற்றுள் மிகவும் சிந்தனைக்குரியது ஒப்பர்சூனிற்றி ஊர்திக்கு 2005 ஏப்பிரல் 26ஆம் திகதி நேர்ந்த இடராகும். அன்று அது கடக்க வேண்டியிருந்த தூரம் ஏறத்தாழ 90 மீற்றர். பாதி வழியில் முழங்கால் உயரமும் இல்லாத மணல் அலையொன்றிலே சில்லுகள் புதைந்தன. ஊர்தி அதனை அறியவில்லை. சில்லுகள் சுழன்றன; சுழற்சி எண்ணப்பட்டது; எண்ணிக்கை தூரமாகக் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ 50 மீற்றர் தூரத்துக்குரிய சுழற்சியை அது நின்ற இடத்திலேயே செய்து முடித்தது. கணக்கின்படி பயணம் இனிதே நிறைவேறிற்று! அதனை மீட்டெடுக்க யூன் 4ஆம் திகதி வரை சென்றது. அதன் பின்னர், ஊர்தி இடையிடையே நின்று சுற்றுப்புறத்தைப் படம்பிடித்து, உண்மையாகவே நகர்ந்திருக்கின்றதா எனச் சோதிக்கும் முறை வழக்கமாயிற்று. கியூரியோசிற்றியின் சில்லுகளில் இந்நோக்கிற்காகவே துளைகள் இடப்பட்டுள்ளன. அவை மணலிற் பதிக்கும் அடையாளங்களின் இடைவெளியைக் கண்டு சறுக்கலை அளந்துகொள்ளலாம்.

இதனை நோக்கும்போது நயின் சிங்கின் ஜெபமாலை நினைவுக்கு வருதல் இயல்பே. பிரித்தானிய இந்திய நில அளவைத் திணைக்களம் 1865இல் திபெத்துக்கு இரகசியமாக அனுப்பிய அவர், ஒரே நீளமாக அடிவைக்கப் பயிற்றப்பட்டவர். 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகள் கோத்த மாலையில், நூறு அடிக்கு ஒரு மணியாகத் தள்ளிக்கொண்டு லாசா வரை நடந்தார். அவர் சறுக்கினால் சறுக்கியது அவருக்குத் தெரியும். ஊர்திக்கு அது தெரியாது என்பதனால், தெரிவதற்கான வகையைச் செய்து கொடுக்கும் கடமை வகுத்தவனைச் சார்கின்றது. வெகுதூரத்திலிருந்து வழி வகுப்பவனின் முதற் பொறுப்பு இதுவே எனலாம். செல்பவன் சென்றடைந்தான் என்று ஏட்டிற் பதிவதன் முன், அவன் உண்மையிற் சென்றானா என வினவுதல் வேண்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். 2021 பெப்ரவரியில் இறங்கிய பேர்செவெரன்ஸ், தான் சென்ற தூரத்தின் மிகப் பெரும்பகுதியைத் தன்னியக்கமாகவே வழி தெரிந்து சென்றிருக்கின்றது. கல்லுக்கு வலப்புறம் போவதா, இடப்புறம் போவதா என அதுவே தீர்மானிக்கின்றது. அவ்வாறாயின் பொறுப்பும் பொறிக்கே உரியதன்றோ? இவ்வாதம் கவர்ச்சியானது, ஆனால் நிலைக்கத்தக்கதன்று. எத்துணைச் சாய்வு ஆபத்தானது, எவ்வளவு சறுக்கினால் நிற்க வேண்டும், எப்பகுதியினுள் நுழையவே கூடாது என்பனவற்றை எழுதியவன் மனிதன். எல்லையை வகுத்தவன், எல்லைக்குள் நடந்த தெரிவைக் காட்டித் தப்பிக்கொள்ள முடியாது.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. ஊர்திக்குத் தாகமில்லை, நோயில்லை, அதன் வரவை எதிர்நோக்கும் தாயுமில்லை. அது மணலிற் புதைந்தால் இழப்பாவது பொருளும் உழைப்பும் அறிவுமே. அங்கு அறம் எங்ஙனம் வந்தது? இவ்வினாவுக்கு விடை செவ்வாயில் இல்லை, மன்னாரில் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், படகிலே கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காட்டினூடே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வடக்குப் பாதை எனப்பட்ட அவ்வழியில் நீரின்மையாலும், காய்ச்சலாலும், வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று தீர்மானித்தவர் எவரும் அவ்வழியில் நடந்தவரல்லர். ஆட்களைத் திரட்டி வருவதும், முற்பணம் கொடுப்பதும், வழிநடத்துவதும் கங்காணியின் காரியமாக விடப்பட்டன. வழியில் நேர்ந்த இறப்புக்கு யார் பொறுப்பு எனில், துரை கங்காணியைக் காட்டலாம். கங்காணி காட்டைக் காட்டலாம். தன்னியக்க ஊர்தியின் மீது பொறுப்பைச் சுமத்தும் வாதத்தின் உருவம், கணினி தோன்றுமுன்னரே இத்தீவில் நடைமுறையில் இருந்தது.

மனிதரைப் பொறியோடு ஒப்பிடுதல் தகாது என்பர் சிலர். அது சரியே. ஆயின் இங்கு ஒப்பிடப்படுவோர் வழி வகுத்தோரேயன்றி, அவ்வழியிற் சென்றோரல்லர். உயிரற்ற ஊர்தியொன்றுக்கு வழி வகுப்போர், ஐயமேற்படின் நில் என்னும் கட்டளையை அதன் கணினியிலே எழுதி வைத்துள்ளனர். அது நின்றால் எவரும் அதனை ஏசுவதில்லை. நின்றதன் காரணத்தை ஆராய்ந்து வழியைத் திருத்துகின்றனர். முற்பணக் கடன் தலைமேலிருக்க, இரண்டாம் நாளிற் கால் வீங்கிய ஒருத்தி வடக்குப் பாதையில் நிற்பதற்கு உரிமை பெற்றிருந்தாளா? பின்னாளில் அப்பாதையோரமாகத் தங்கிடங்களும் மருத்துவ வசதிகளும் ஏற்படுத்தப்பட்டன என்பது உண்மை. அவை பலர் மாண்ட பிறகு வந்தவை. பொறிக்குக் காட்டப்பட்ட கவனம் மனிதருக்குக் காட்டப்படாமைக்கு அறிவுக் குறைபாடு காரணமன்று. ஊர்தியொன்று கெட்டால் அதற்கு ஈடாக வேறொன்று இல்லை. மக்களோ மறுகரையில் எண்ணற்றோர் இருந்தனர். மாற்றீடு எளிதாயிருக்கும் இடத்திலே கவனம் தளர்கின்றது என்பதே இதிற் காணத்தக்க கசப்பான உண்மை.

வரைபடங்களும் இவ்வேறுபாட்டை மறைப்பதில்லை. செவ்வாயில் ஊர்தி சென்ற தடத்தை நாசா நிறுவனம் வெளியிடும்போது, ஒவ்வொரு நாளும் அது நின்ற இடத்தைப் புள்ளியிட்டு, நாளெண்ணும் குறிக்கின்றது. வளைந்ததும் திரும்பியதும் அப்படியே காட்டப்படுகின்றன. வகுத்த வழியன்று, சென்ற வழியே அங்கு நிலைபெறுகின்றது. கொழும்பின் வரைபடத்திலோ, 1890 முதல் 1895 வரை ஆளுநராயிருந்த ஆதர் ஹெவ்லொக்கின் பெயர் ஒரு நகர்ப்பகுதியின் பெயராக நிலைத்துவிட்டது. பெயர் பெறுவதற்கு நடக்க வேண்டியதில்லை போலும்!

2023ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் இவ்விரு வழிகளையும் அருகருகே கொண்டுவந்தது. தமிழ்நாடு விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்டப் பணிப்பாளராயிருந்த சந்திரயான்-3, அம்மாதம் 23ஆம் திகதி சந்திரனில் இறங்கிற்று. அதன் பிரக்யான் ஊர்திக்கு, ஒரு தடவையில் ஐந்து மீற்றருக்கு மேற்படாத வழியே வகுத்துக் கொடுக்கப்பட்டது. படங்களைக் கொண்டு நிலத்தின் ஏற்றத்தாழ்வை அவ்வளவு தூரத்துக்கே திட்டமாக அறிய முடிந்தது. 27ஆம் திகதி, 4 மீற்றர் விட்டமுள்ள குழியொன்று 3 மீற்றர் முன்னே தென்பட்டது. வந்த வழியே திரும்புமாறு கட்டளை சென்றது. அது திரும்பிய தடம், அது எடுத்த படத்திலேயே காணக் கிடைக்கின்றது.

சந்திரயான்-3 இறங்குவதற்குப் பதினொரு நாள் முன்னர், 12ஆம் திகதி, தலைமன்னாரிலிருந்து யூலை 28ஆம் திகதி புறப்பட்ட நடைபயணமொன்று மாத்தளையை வந்தடைந்திருந்தது. மலையகத் தமிழர் வருகையின் 200ஆவது ஆண்டை முன்னிட்டு, மூதாதையர் சென்ற ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தை அவர்கள் கால்நடையாகக் கடந்தனர். அவர்கள் நடந்தது இன்றைய தார் வீதியில். பழைய பாதையில் வீழ்ந்தோர் யாவர், எவ்விடத்தில் வீழ்ந்தனர் என்பதற்கு முழுமையான பதிவேதும் இல்லை.