திண்ணையும் கிணறும்

பாலக்காட்டுச் சீமையில் சித்தூர், நல்லேப்பிள்ளி முதலிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் காவிரிக் கரையிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அத்தகைய குடும்பம் ஒன்று கார்த்திகை அமாவாசைக்குக் கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூருக்கு யாத்திரை வந்தால், அவ்வூர் அந்நியமாகத் தோன்றாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், தெருவை நோக்கிய திண்ணை, ரேழி, கூடம், கொல்லையில் கிணறு என அதே அமைப்புதான்.

அன்று மக்கள் வரிசையில் நின்று நீராடுவது ஸ்ரீதர அய்யாவாளின் கிணற்று நீரில். தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட மராட்டிய மன்னர் சாஹஜியின் காலத்தவர் அவர். சிராத்த தினம் ஒன்றில், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட ஒருவர் பசியோடு வந்து நிற்க, சிராத்தத்திற்கெனச் சமைத்த உணவை அய்யாவாள் அவருக்கு அளித்துவிட்டார். அந்தணர்கள் சிராத்தம் நடத்த மறுத்தனர். கங்கையில் நீராடினாலன்றித் தோஷம் நீங்காது என்றனர். அவர் கங்கையைத் துதிக்க, கிணற்றில் கங்கை பொங்கித் தெருவெங்கும் பெருகியது என்பது மரபுவழி வரலாறு.

அன்னமிட்டது தவறல்லவெனில், பிராயச்சித்தத்திற்கு அவர் இசைந்தது ஏன்? பணிவு என்று சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். சாஸ்திரத்தை அவர் மதித்தார். ஆயினும் எதிரே நின்ற பசி, சாஸ்திரம் குறித்த நேரம்வரை காத்திராது என்பதையும் கண்டார். விதியை மீறியதற்குரிய விலையைத் தர முன்வந்தாரேயன்றி, இனி அவ்வாறு செய்யேன் என்று கூறியதாக வரலாறு இல்லை. 1922-இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் காந்தியடிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதிகபட்ச தண்டனையைக் கேட்டுப் பெற முன்வந்ததும் ஏறக்குறைய இத்தகையதே. ஆனால் காந்தியடிகள் அச்சட்டத்தையே நியாயமற்றது என்றார்; அய்யாவாள் அவ்வளவு தூரம் செல்லவில்லை.

இங்கேதான் சிக்கல். தோஷம் நீங்க நீராடுவது, அந்த மனிதருக்கு உணவிட்டது தோஷம் என்பதை ஏற்றதாகாதா? அவர் பெயரை மரபு காக்கவில்லை. உண்டபின் எங்கே சென்றார், தெருவில் பெருகிய நீர் அவரையும் நனைத்ததா என்பதற்கும் விடையில்லை. குழந்தைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லும் பெற்றோரும் பெரும்பாலும் கங்கை பொங்கியதோடு நிறுத்திவிடுகின்றனர்.

பாலக்காட்டிலிருந்து வருவோர்க்கு அவரைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அய்யாவாளுக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1924-இல், கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது ஈழவர்கள் அக்ரகாரத் தெருவில் நடக்கவிடாமல் தடுக்கப்பட்டனர். அவர்கள் கேட்டது சிராத்த அன்னமன்று, கிணற்று நீருமன்று. திண்ணைக்கு முன்னுள்ள தெருவில் நடக்கும் உரிமை மட்டுமே.