தெய்வானைக்குப் பிடிச்சது மதமா?



2024 நவம்பர் 18. கார்த்திகை மாசம் அப்பதான் பிறந்திருந்தது. திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் அதோட பாகனும், அவரோட உறவினர் ஒருத்தரும் இறந்துட்டாங்க. யானை முதல்ல தாக்கினது உறவினரைத்தான். காப்பாத்த ஓடி வந்த பாகனையும் அது விடலை. அந்த உறவினர் ரொம்ப நேரம் யானை பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துட்டு இருந்தார்னு பிறகு அதிகாரிகள் சொன்னாங்க. கோயில் நடையைக் கொஞ்ச நேரம் சாத்தி, பரிகார பூஜை செஞ்சு திறந்தாங்க. அடுத்த நாட்கள்ல தெய்வானை சரியா சாப்பிடலைன்னும் செய்தி வந்தது.

அன்னைக்கு ராத்திரி எங்க வடபழனி வாட்ஸப் குரூப் முழுக்க இதேதான். "மதம் பிடிச்சிடுச்சு." "ஏதோ தோஷம்." "கலி முத்திடுச்சு." நடுவுல காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன் மட்டும், "அண்ணா, யானைக்கு மனநோய் வருமா?"ன்னு கேட்டான். யாரும் பதில் போடலை. ரெண்டு பேர் கைகூப்புற இமோஜி போட்டாங்க, அவ்வளவுதான்.

நல்ல கேள்வி அது. இமோஜியால மூட வேண்டிய கேள்வி இல்லை.

முதல்ல இந்த "மதம்"ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துடுவோம். மதம் என்பது ஆண் யானைக்கு வர்ற ஒரு உடல்நிலை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ஒரு சுரப்பி இருக்கு, அதுல மதநீர் வழியும், உடம்புல ஆண் ஹார்மோன் பல மடங்கு ஏறும், சில வாரமோ சில மாசமோ இருந்துட்டு அடங்கிடும். அது நோயே இல்லை, இனப்பெருக்கத்தோட ஒரு பகுதி. நம்ம ஊர் ஆசிய யானையில பெண்ணுக்கு இப்படி மதம் வர்றது கிடையாது. தெய்வானை பெண் யானை! பேரே தெய்வானை! ஆனாலும் எல்லாரும் யோசிக்காம அதே வார்த்தையைத்தான் எடுத்தோம். ஏன்னா அது வசதியான வார்த்தை. "மதம்"னு சொல்லிட்டா அதுக்கு மேல எதையும் கேட்க வேண்டியதில்லை. இயற்கை, வந்துச்சு, போச்சு.

இது ஒரே ஒரு சம்பவமும் இல்லை. 2018 மே மாசம் சமயபுரத்துல மசினி, கோயிலுக்குள்ளேயே தன் பாகனைக் கொன்னது. 2020 மே மாசம் திருப்பரங்குன்றத்துல இன்னொரு தெய்வானை. ரெண்டுமே பெண் யானைகள். முருகனோட ரெண்டு படைவீட்டுல, அவரோட தேவியார் பேர் வைச்ச ரெண்டு யானைகள், தனக்குச் சோறு போட்ட மனுஷனையே கொன்னிருக்கு. இறந்தவங்க குடும்பங்களோட இழப்பைச் சின்னதாக்க இதை எழுதலை. அந்த பாகன்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டாகணும்.

"மிருகத்துக்கு மனசே கிடையாது, அப்புறம் எங்கிருந்து மனநோய்?"னு சிலர் கேட்பாங்க. வேற யார் கேட்டாலும் சரி, நாம கேட்க முடியாது. திருவானைக்கா தலபுராணம் தெரியும்ல? ஒரு யானையும் ஒரு சிலந்தியும் சிவலிங்கத்தைப் பூஜை பண்ணுச்சு. சிலந்தி வலை கட்டும், யானை அதை அசுத்தம்னு பிய்ச்சுப் போடும். கோபத்துல சிலந்தி தும்பிக்கைக்குள்ள புகுந்து கடிச்சு, ரெண்டும் செத்துப் போச்சு. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனா பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாக் கட்டினதாம். (அடுத்த ஜென்மத்துலயும் அந்தக் கோபம் போகலை பாருங்க.) இந்தக் கதையை நம்புறவங்க, யானைக்குப் பக்தி உண்டு, சிலந்திக்குக் கோபமும் பகையும் உண்டுன்னு ஒத்துக்கிட்டவங்க. அன்பும் பக்தியும் இருக்கிற மனசு உடைய மட்டும் உடையாதுன்னு எப்படிச் சொல்றது?

அறிவியல் பக்கம் வந்தாலும் இதே இடத்துலதான் வந்து நிக்குறோம். மனச்சோர்வுக்கான மருந்துகளை மனுஷனுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி எலியிலயும் சுண்டெலியிலயும் சோதிப்பாங்க. 1977ல போர்சோல்ட் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை முறை சொன்னார்: எலியைத் தண்ணியில விட்டு, அது எவ்வளவு நேரத்துல முயற்சியைக் கைவிட்டு மிதக்குதுன்னு பார்க்கிறது. மருந்து கொடுத்தா இன்னும் கொஞ்ச நேரம் போராடும். அதை வைச்சு ஏகப்பட்ட மருந்துகளைச் சோதிச்சாச்சு. எலிக்கு நம்ம சோர்வு மாதிரி எதுவுமே வராதுன்னா, அங்க சோதிச்சது எதை? இன்னொன்னு, ஃப்ளூவாக்ஸ்டின் என்கிற மாத்திரை, மனுஷங்களுக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கிறது. 2007ல அமெரிக்காவுல அதையே நாய்களோட பிரிவுப் பதற்றத்துக்குன்னு அதிகாரபூர்வமா அனுமதிச்சாங்க. ஒரே மருந்து ரெண்டு இனத்துக்கும் வேலை செய்யுது.

நோய்க்கும் சாதாரண கஷ்டத்துக்கும் எங்க கோடு போடுறது? எனக்கு இதைப் புரிய வைச்சது எங்க தெரு நாய் மணி. தீபாவளி அன்னைக்கு வெடிச் சத்தத்துல அவன் பயந்து கார் அடியில போய்ப் படுத்துக்கிட்டான். அது நோய் இல்லை, அந்தச் சத்தத்துக்கு நானே பயப்படுவேன். ஆனா தை மாசம் வந்த பிறகும், ஆற்காடு ரோட்டுல ஒரு புல்லட் போனா நடுங்கி, மூத்திரம் போய், சோத்தை விட்டுட்டு ஓடுறான். வெடி முடிஞ்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, அவனுக்குள்ள இன்னும் வெடிச்சுட்டே இருக்கு. ஆப்பை மூடின பிறகும் பின்னாடி ஓடிட்டு பேட்டரியைத் தின்னுமே, அது மாதிரி. காரணம் போன பிறகும் போகாம, சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுக்கிற பயத்துக்கு நோய்னு பேர் வைக்கிறதுல என்ன தப்பு? மனுஷனுக்கு அப்படித்தானே வைக்கிறோம். அவனால வாய் திறந்து சொல்ல முடியலை, அவ்வளவுதான். சின்னக் குழந்தையாலயும்தான் சொல்ல முடியாது.

இப்ப யானைக்கு வருவோம். கோயில் யானை நின்ன இடத்துலயே இடமும் வலமும் ஆடிக்கிட்டு இருக்கும், தலையை மேலும் கீழும் ஆட்டும். பாத்திருப்பீங்க. "நாதஸ்வரத்துக்கு ஆடுது பாரு"ன்னு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பாங்க. நாதஸ்வரம் நின்ன பிறகும் அது ஆடும். நடுராத்திரியிலயும் ஆடும். உயிரியல் பூங்கால புலி கூண்டுக்குள்ள ஒரே தடத்துல நடக்குறதும், கிளி தன் இறகைத் தானே பிடுங்குறதும் இதே வகைதான். கட்டிப் போட்ட, அடைச்சு வைச்ச மிருகங்கள்கிட்டதான் இதைப் பார்க்குறாங்க. காட்டு யானை ஒரு நாள்ல பெரும்பகுதி நேரம் நடந்து மேயுற ஜீவன். பெண் யானையா இருந்தா அம்மா, பெரியம்மா, அக்காவோட சாகுற வரைக்கும் ஒரே கூட்டம். அதைத் தனியா, கல் தரையில, ஒரு காலில் சங்கிலியோட நிறுத்தினா என்ன ஆகும்?

இங்க ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு ஞாபகம் வருது. உங்களுக்கும் வந்திருக்கும். பெரிய யானை, சின்னக் கயிறு. குட்டியில அறுக்க முடியாதுன்னு கத்துக்கிட்டதால இப்பவும் முயற்சி பண்றதில்லை. நீங்களும் மனக் கயிறை அறுத்தெறியுங்க, குட் மார்னிங். 1967ல அமெரிக்காவுல செலிக்மனும் மேயரும் நாய்களை வைச்சு இதையேதான் நிரூபிச்சாங்க. தப்பிக்க வழியே இல்லாம ஷாக் வாங்கின நாய்கள்ல பெரும்பாலானவை, பிறகு வழி திறந்திருந்தும் படுத்துக் கிடந்தன. மனச்சோர்வைப் புரிஞ்சுக்க இன்னைக்கும் அந்த ஆய்வைப் பேசுறாங்க. நாம அதே விஷயத்தை ஊக்கமூட்டும் பதிவா ஆயிரம் தடவை அனுப்பியிருக்கோம். அந்தக் கதையில யானையோட கதி என்னன்னு மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஆனா எனக்கு ஒரு இடத்துல தயக்கம் உண்டு. மணி விஷயத்துல காரணம் போயிடுச்சு, பயம் போகலை. கோயில் யானைக்குக் காரணம் போகலையே, சங்கிலி அங்கேயேதானே இருக்கு? அப்ப அந்த ஆட்டம் நோயா, இல்லை தாங்க முடியாததைத் தாங்குறதுக்கு அது கண்டுபிடிச்ச வழியா? அவசரப்பட்டு "மனநோய்"னு சொன்னா, அதுவும் இன்னொரு "மதம்" ஆயிடும். யானைக்குத்தான் பிரச்சனை, ஒரு மாத்திரை கொடுங்க, சங்கிலி இருக்கட்டும்னு முடிச்சுடுவாங்க.

தென்னாப்பிரிக்காவுல பிலானஸ்பர்க் என்ற காட்டுல நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். பெரிய யானைகளைச் சுட்டுக் கொன்னுட்டு, அனாதையான குட்டிகளை மட்டும் அங்க கொண்டுபோய் விட்டாங்க. அந்தக் குட்டிகள் வளர்ந்து, 1992ல இருந்து 1997க்குள்ள நாப்பதுக்கும் மேல காண்டாமிருகங்களைக் கொன்னுச்சுங்க. அவை ஆண் யானைகள், உண்மையிலேயே மதம் வந்தவை. ஆனா வர வேண்டிய வயசுக்கு ரொம்ப முன்னாடியே வந்தது, ரொம்ப நாள் நீடிச்சது. 1998ல ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டு வந்து விட்டாங்க. பெரியவங்க வந்ததும் சின்னவங்களோட மதம் அடங்கிச்சு, கொலையும் நின்னுச்சு. மாத்திரை எதுவும் கொடுக்கலை.

இடத்தை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு இதை வைச்சு நானும் முடிச்சிருப்பேன். ஆனா மசினி கதை அப்படி முடியலை. முதுமலையில குட்டியா அனாதையா கிடைச்சு, தெப்பக்காடு முகாம்ல வளர்ந்து, அப்புறம் சமயபுரம் போனவ அவ. 2018 சம்பவத்துக்கும் நீதிமன்ற வழக்குக்கும் பிறகு திரும்ப தெப்பக்காட்டுக்கே கூட்டிட்டுப் போனாங்க. காடு, ஆறு, மத்த யானைகள் எல்லாம் பக்கத்துல. 2023 ஏப்ரல்ல அங்கேயும் ஒரு பாகனைக் கொன்னா. ஒரு நாள் நடந்ததை வைச்சு யாருக்கும் நோய்னு தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் அந்தத் தம்பி கேட்டதுக்கு "வரும்"னு நான் பதில் சொல்ல முக்கியக் காரணம் மசினிதான். சில காயம், கட்டை அவிழ்த்த பிறகும் கூடவே வருது போல.

2003ல இருந்து கோயில் யானைகளுக்கு நல்வாழ்வு முகாம் நடத்தினாங்க, முதல்ல தெப்பக்காட்டுல, பிறகு மேட்டுப்பாளையம் பக்கத்துல தேக்கம்பட்டியில, பவானி ஆத்தங்கரையில. 48 நாள் நடை, குளியல், மத்த யானைகளோட சகவாசம். தோழிகளான யானைகள்னு பேப்பர்ல படம் வரும். அங்க ஒவ்வொரு யானையையும் எடை போடுவாங்க, எத்தனை கிலோ கூடிச்சு குறைஞ்சதுன்னு கணக்கு எழுதுவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நின்ன இடத்துல ஆடுது, பாகன் மாறினா சாப்பாடு குறையுதா, எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடுதுன்னும் அதே மாதிரி ஒவ்வொரு கோயில்லயும் எழுதி வைக்கலாம். அதுக்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். எழுதி வைச்சா முதல்ல பிழைக்கிறது பாகனோட உயிர்.

திருத்தணியில முருகன் சந்நிதிக்கு எதிர்ல மயில் இருக்காது, யானை இருக்கும். தெய்வானை அம்மையை வளர்த்த ஐராவதம் அது. கல்யாணச் சீரா இந்திரன் கொடுத்தார். யானை போனதும் தேவலோகத்தோட செல்வம் குறைஞ்சுபோச்சு, அதனால அது தன் திசையைப் பார்த்து நிக்கட்டும்னு இந்திரன் கேட்க, முருகன் சரின்னார்னு தலபுராணம் சொல்லுது. செல்வத்துக்காகன்னுதான் கதை. ஆனா எனக்கு அந்த யானை தன் வீட்டைப் பார்க்குற மாதிரிதான் எப்பவும் தோணும். எல்லா வாகனமும் சாமியைப் பார்க்கும்போது, இதை மட்டும் திரும்பி நிக்க விட்டிருக்கார் முருகன். ஆடிக் கிருத்திகைக்குப் போறவங்க, கூட்டத்துல தாண்டிப் போயிடாம கொஞ்சம் நின்னு பாருங்க, கிழக்கைப் பார்த்து நிக்கும்.