அறியாமல் இழைத்த தீங்கும் அஞ்சி மறுத்த உதவியும்

அறியாமல் இழைத்த தீங்குக்கு ஒருவர் எந்த அளவுக்குப் பொறுப்பாவார் என்னும் பழைய அறவியல் வினாவை, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிவதற்காக இரத்தக் குழாயில் செலுத்தப்படும் காடோலினியம் ஊசியின் வரலாறு கூர்மையாக எழுப்புகிறது. காடோலினியம் தனி அயனியாக உடலில் உலவினால் நச்சாகும். அளவில் கால்சியம் அயனியை ஒத்திருப்பதால், கால்சியம் இயங்கும் இடங்களில் புகுந்து அதன் வேலையைத் தடுக்கும். ஆகவே கரிமச் சேர்மம் ஒன்று அதனைப் பற்றிப் பிடித்திருக்குமாறு அமைத்து, அந்தப் பிடி தளரும் முன்பே சிறுநீரகம் வெளியேற்றிவிடும் என்ற நம்பிக்கையில் மருந்தாக்கினர். நலமான சிறுநீரகம் உடையவரின் இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும். சிறுநீரகம் முற்றும் செயலிழந்தவருக்கோ 30 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

1988இல் அமெரிக்காவில் முதல் காடோலினியம் மருந்து ஒப்புதல் பெற்றது. சி.டி. ஸ்கேனுக்குரிய அயோடின் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் நிலவியதால், சிறுநீரக நோயாளிகளுக்குக் காடோலினியமே பாதுகாப்பானதென்று கருதப்பட்டு, சில வேளைகளில் இரண்டு மூன்று மடங்கு அளவிலும் செலுத்தப்பட்டது. தீங்கு விளைந்த வழி அக்கறையின்மை அன்று, அக்கறையே என்பது இவ்வரலாற்றின் மிகத் துயரமான கூறு. 1997 முதல் கலிபோர்னியாவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் தடித்து இறுகி, மூட்டுகளை மடக்க இயலாமல் போனது கண்டறியப்பட்டு, 2000இல் லான்செட் இதழில் விவரிக்கப்பட்டது. நார்த்திசு பெருகி உள்ளுறுப்புகளையும் இறுக்கக்கூடிய இந்நோய் பின்னர் நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ் எனப் பெயர் பெற்றது. இதற்கும் காடோலினியத்துக்கும் உள்ள தொடர்பை 2006இல்தான் ஆஸ்திரிய மருத்துவர் தாமஸ் குரோப்னர் சுட்டினார்.

அறியாமையால் நிகழ்ந்த செயலை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் மன்னிப்புக்கு உரியதாகக் கொண்டாலும், தெரிந்துகொண்டிருக்க வேண்டியதைக் கவனக்குறைவால் தெரியாதிருந்தவரை அவ்வாறு விடுவிப்பதில்லை. இங்கு அந்த வேறுபாட்டைப் பொருத்துவது எளிதன்று. நீள்சங்கிலி அமைப்புடைய சேர்மங்கள் உலோகத்தைத் தளர்வாகவும் வளைய அமைப்புடையவை இறுக்கமாகவும் பிடிக்கின்றன என்பது 1990களிலேயே வேதியியலார் அறிந்தது. சிறுநீரக நோயாளியின் உடலில் மருந்து நெடுநேரம் தங்குவதும் மருத்துவர் அறிந்ததே. இவ்விரண்டையும் இணைத்து, நெடுநேரம் தங்கினால் பிடி தளராதா என்று கேட்கும் கடமை எவருக்கும் வரையறுக்கப்படவில்லை. ஊசி போட்ட மருத்துவரைக் குற்றவாளி ஆக்குவது முறையன்று. ஆனால் அறிவைத் துறைதுறையாகப் பிரித்து வைத்துக்கொண்ட அமைப்பு, தனக்குத் தெரியாதென்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது; 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை நீள்சங்கிலி வகைகளில் பலவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. புதிய நோயாளிகள் மிக அரிதாயினர். ஆனால் அச்சம் மருந்தின் வகை பாராமல் நீடித்தது. உறுதியான பிடிப்புடைய மருந்துகளைப் பெற்ற, சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்ற 4931 நோயாளிகளைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வில் ஒருவருக்குக்கூட இந்நோய் காணப்படவில்லை. அப்படியிருந்தும், தண்டுவடக் கட்டியென ஐயுறப்படும் டயாலிசிஸ் நோயாளிக்கு ஊசியை மறுப்பவர், தாம் எத்தீங்கும் செய்யவில்லை என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறானது: கட்டி காணப்படாமல் போய்க் கால்கள் செயலிழந்தால், அதற்கு அந்த மறுப்பும் ஒரு காரணமாகிறது. 2006க்கு முன் இருந்தவருக்கு அறியாமை என்னும் சமாதானமாவது உண்டு. இன்று மறுப்பவருக்கு அதுவும் இல்லை. எஞ்சியுள்ள சிறு ஆபத்தையும், படம் இல்லாவிடில் இழக்கக்கூடியதையும் ஒருசேர எடுத்துரைத்து நோயாளியின் விருப்பத்தைக் கேட்பதே இன்று அந்த மருத்துவர் செய்யவேண்டியது. எந்த ஆபத்தை ஏற்பது என்னும் முடிவு, அதைச் சுமக்கும் உடலுக்கு உரியவருடையது.