தேகமும் யாக்கையும்

ஒரு வாக்கியத்தில் நின்ற சொல்லை நீக்கி, அதனோடு ஒத்த பொருளுடையதெனக் கருதப்படும் பிறிதொரு சொல்லை அவ்விடத்து அமைக்குங்கால், அவ்வாக்கியம் திருந்துகின்றதா, அன்றி வேறொரு வாக்கியமே ஆகின்றதா? இவ்வினா இலக்கண நூலார்க்கு மட்டுமே உரியதெனச் சிலர் ஒதுக்குவர். சொல்லைக் கொண்டே பொருளுண்மையை நிறுவும் சித்தாந்த நூல்களைப் பயில்வார்க்கோ இஃது உயிர்நிலையான வினாவாகும். திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் ஒரு பொருட்குரிய பல பெயர்களை ஒருங்கே தொகுத்துத் தந்தன. தொகுத்தமை பற்றி அவை ஒன்றற்கொன்று ஈடாமெனக் கொள்ளுதல் பயில்வார் பிழையேயன்றி நிகண்டின் பிழையன்று.

தாம்பரத்திற்கு வடக்கே, 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிய பல்லாவரத்தில், 1916ஆம் ஆண்டில் இவ்வினா ஒரு வீட்டினுள்ளே எழுந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராயிருந்து (அக்கல்லூரி அந்நாளில் நகரினுள் இருந்தது, தாம்பரத்திற்குப் பெயர்ந்தது 1937இல்), பின்னர்த் துறவு மேற்கொண்டு பல்லாவரத்தில் உறைந்த சுவாமி வேதாசலம் அவர்கள், தம் மகளார் நீலாம்பிகையார் உடனிருப்ப, இராமலிங்க அடிகளின் பாட்டொன்றை ஓதினார். எவர் எவரை மறப்பினும், உயிரே தன் உடலை மறப்பினும், தாம் நமச்சிவாயத்தை மறவேமென்பது அப்பாட்டின் கருத்து. அதன்கண் ‘தேகம்’ என நின்ற இடத்து ‘யாக்கை’ என்றிருப்பின் எத்துணை நன்றாயிருக்கும் என்று அவர் கூறினாரென்பது தமிழுலகில் நெடிது வழங்கும் செய்தி. அதன்பின் வேதாசலம் மறைமலையாயினார். ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. ‘சமரச சன்மார்க்க நிலையம்’ ‘பொதுநிலைக் கழகம்’ எனப்பெற்றது. நீலாம்பிகையார் பிற்காலத்து ‘வடசொல் தமிழ் அகரவரிசை’ தொகுத்தார்.

யாக்கை தமிழ்ச்சொல் என்பது பற்றியே சிறந்ததென்பார் உளர். நாம் அம்மட்டில் அமைகின்றிலம். தேகமென்பது பூசுதல், மெழுகுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்றும் பிறந்தது. மண்ணை அப்பி வனைந்த வடிவத்தை அது நினைப்பிக்கும். யாக்கையோ யாத்தல், அஃதாவது கட்டுதல், என்பதனடியாக வந்தது. கட்டப்பட்டதொன்று உண்டெனின் கட்டினோன் ஒருவனும், கட்டுதற்குரிய பொருளும், கட்டியதன் பயனும் உடன் பெறப்படும். ஆணவத்தால் மறைப்புண்ட உயிர்க்கு, அதன் வினைக்கேற்ப, மாயையினின்றும் தனு கரண புவன போகங்களை இறைவன் கூட்டுவித்தான் என்னும் சித்தாந்தம் முழுவதும் அவ்வொரு சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றது. கட்டுண்ட உயிர் அக்கட்டையே மறக்கினும் என்னும்போது பாட்டின் கருத்தும் ஆழமுறுகின்றது. செய்யுளின் ஓசைக்கும் ஊறில்லை. யாப்பு என்பதும் அவ்வேரினின்றும் பிறந்ததன்றோ!

ஆயின் அருளாளர் வாக்கில் கை வைத்தல் தகுமா என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுதும். அருட்பா மருட்பாப் பிணக்கில் அருட்பாவின் பக்கம் நின்றவர் மறைமலையடிகள். அவர் அப்பாட்டைத் திருத்தி வெளியிட்டாரல்லர். இங்ஙனம் இருப்பின் நன்றென்று மட்டுமே கூறினார். திருத்திய நூல்கள் தாம் முன்னெழுதியவையே. அவற்றின் மறுபதிப்புக்களில் வடசொற்களைக் களைந்தார். பிறர் வாக்கியத்தைப் பற்றி விரும்பலாம், தன் வாக்கியத்தையே மாற்றலாம் என்னும் இவ்வரம்பு ஏடு பெயர்த்தெழுதுவார்க்கும் பதிப்பாளர்க்கும் இன்றும் வேண்டுவதொன்று.

இனி, மாற்றங்கள் எல்லாம் ஒரு நிறையினவல்ல. அசலம் என்பது அசைவற்றதென்னும் காரணம் பற்றி மலைக்காயிற்று. ‘மலை’ என்றபோது அக்காரணம் ஒழிந்தது. பெயரளவில் இவ்விழப்புப் பெரிதன்று. ‘சன்மார்க்கம்’ ‘பொதுநிலை’ ஆனதோ வேறு. தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம் என்பவற்றின் மேலாய், சரியை கிரியை யோகங்களைக் கடந்த ஞானநெறிக்குச் சன்மார்க்கமென்பது நம் நூல்களில் பெயர். பொதுநிலை என்பது சமரசத்தைத் தந்து ஞானநெறியை விடுத்தது. தமிழே வேண்டுமெனின் நன்னெறி என்றொரு சொல் அணித்தே இருக்க, அதனை விட்டது ஏனென நாம் வியக்கின்றோம்.

சொல்லின் பிறப்பிடத்தை நோக்காது பொருளையே நோக்கித் தேர்ந்தமைக்கு மெய்கண்ட தேவரினும் சிறந்த சான்று யாண்டுளது? அத்துவிதமென்பதற்கு ஏகமென்பதே பொருளென்று பலரும் கொண்டிருப்ப, சிவஞானபோத இரண்டாஞ் சூத்திரத்திடத்து அவர் அதனை மறுத்தார். ஏகமென்று சுட்டுங்கால் சுட்டுவானொருவன் வேறுளனாதலின், அத்துவிதமென்னும் சொல் ஒன்றென்பதனை உணர்த்தாது வேறன்மையையே உணர்த்துமென்றார். இரண்டும் வடசொற்கள், ஒத்த பொருளினவென எண்ணப்பட்டவை. ஒன்றனிடத்து மற்றொன்றை வைத்திருப்பின் உயிர் என்பதொன்று இலதாய்ச் சித்தாந்தமே நிலைகுலைந்திருக்கும். உமாபதி சிவமும் திருவருட்பயனில் பதியைப் பதியென்றே நிறுத்தி, அடுத்த அதிகாரத்திற்கு ‘உயிரவை நிலை’ எனப் பெயரிட்டார். பசு என்பது பாசத்தாற் கட்டுண்ட நிலை பற்றிய பெயர். உயிரென்பதோ கட்டுற்றதற்கும் வீடுற்றதற்கும் பொது. இங்கும் தமிழென்பதே காரணமாயின் பதியும் பெயர்க்கப்பட்டிருத்தல் வேண்டும்.

யாக்கை புலவர்க்கே விளங்கும், தேகம் பெண்டிர் பிள்ளைகட்கும் விளங்கும் என்னும் தடை அக்காலத்தே வலியுடையதாயிருந்தது. உபந்நியாசம் சொற்பொழிவாகவும் அக்கிராசனர் தலைவராகவும் மாறிய பின்னர் அத்தடையின் வலி குறைந்தது. எனினும் தேகத்தை வென்றது யாக்கையன்று, உடல். மருத்துவமனையிலும் பள்ளியிலும் இன்று வழங்குவது அதுவே. அடிகள் விரும்பிய சொல் உரைநூல்களிலும் மடத்து வகுப்புக்களிலும் தங்கிற்று. அப்பாட்டை ஓதுவாரோ இராமலிங்க அடிகள் வைத்தபடி ‘தேகம்’ என்றே ஓதி வருகின்றனர்.