கோயிலைக் காக்கக் குடிகளைப் பெயர்ப்பதா?

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைச் சுற்றி வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் 2022 முதல் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்க்கப்பட்டன. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி, ருன் தா ஏக் என்ற இடத்தில் 20 மீட்டருக்கு 30 மீட்டர் மனையும் கூரைக்குத் தகரமும் தரப்பட்டன. விரும்பித்தான் போனார்கள் என்கிறது அரசு. மிரட்டி அனுப்பினார்கள் என்கிறது 2023 நவம்பரில் வெளிவந்த ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அறிக்கை. பாரம்பரியச் சின்னத்தைக் காக்க, அதன் நிழலில் பிழைப்பவர் வயிற்றில் அடிக்கலாமா? கூடாது. அது அறமன்று.

மனை கொடுத்தாயிற்றே என்பார்கள். கோயில் வாசலில் இளநீர் வெட்டித் தருபவளுக்கும் டுக்டுக் ஓட்டுபவனுக்கும் அந்த வாசல்தான் வயல். வயலைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுமனை கொடுத்தால் அடுப்பு எரியுமா?

அங்கோரின் பாயோன் கோயிலின் சுற்றுச்சுவர்ச் சிற்பங்களைப் பாருங்கள். போர்க் காட்சிக்குக் கீழே பெண்கள் தரையில் உட்கார்ந்து பண்டம் விற்கிறார்கள். ஒரு பன்றியைப் பானைக்குள் இறக்குகிறார்கள். சேவற்சண்டையைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. இதையும் காண ஒரு நாளைக்கு 37 டாலர் கட்டி உலகம் வருகிறது. கல்லில் கடை விரித்தவளைப் பாதுகாப்பதும், அந்தக் கல்லருகே உயிரோடு கடை விரித்தவளைப் பெயர்ப்பதும் எந்த ஊர் நியாயம்?

பாயோனைக் கட்டிய மன்னன் ஏழாம் ஜெயவர்மனே, குடிகளின் நோயைத் தன் நோயினும் பெரிதாக எண்ணி வருந்தியவன் என்று அவனுடைய மருத்துவமனைக் கல்வெட்டு சொல்கிறது. ஆற்றாதவர் அழுத கண்ணீரே ஆள்பவரின் செல்வத்தைத் தேய்க்கும் என எச்சரித்தார் வள்ளுவர். உணவு தருவதே உயிர் தருவது என்றது மணிமேகலை. பறிபோன வாழ்வுக்கு நீதி கேட்டு ஒரு பெண் அரசவை ஏறினால் அரியணை என்னாகும் என்பதை இளங்கோவடிகள் காட்டினார். சான்றோர் எல்லோரும் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள்.

கட்டுப்பாடற்ற குடியிருப்பு தொல்லியல் மண்ணைக் கெடுக்கும் என்பதும், உலகப் பாரம்பரியத் தகுதி முக்கியம் என்பதும் உண்மையே. ஆனால், குடிகளை வெளியேற்றும்படி தான் கேட்கவே இல்லை என்று யுனெஸ்கோ சொல்லிவிட்டது. மண்ணைக் கெடுப்பவர்கள் குடிகள் மட்டும்தானா? கோயில்களைத் தாங்கும் மணலடுக்கின் நிலத்தடி நீரை உறிஞ்சுவதில் சுற்றுலா விடுதிகளுக்குப் பங்கில்லையா?

நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு வயலே யானைக்குப் பல நாள் போதும்; யானையே வயலில் இறங்கினால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவதே அதிகம் என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னார் பிசிராந்தையார். சுற்றுலாவும் யானைதான். அளந்து ஊட்டினால் ஊரையே வாழவைக்கும். கட்டிப்போட வேண்டியது அதைத்தான், வயற்காரரை அல்ல.

ஆகவே, குடிகளின் மனமார்ந்த சம்மதமின்றி எவரையும் பெயர்க்கக் கூடாது. நுழைவுச்சீட்டுப் பணத்தில் அவர்களுக்கு உரிமைப்பங்கு வேண்டும். கோயில் வாசலில் கடைக்கு இடம் வேண்டும். எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய சிற்பி சந்தைக்காரிக்குக் கோயில் சுவரிலேயே இடம் கொடுத்தான். அவள் பேத்திக்கு வாசலில் இடம் கொடுக்க நமக்கு மனம் வரவேண்டும்.