இளைப்பாறுதல் எப்போது?

அரச உத்தியோகத்தில் இருக்கும் ஒருவருக்கு 55 வயது நெருங்கும்போது மனதில் ஒரு கேள்வி எழுகின்றது. அந்த வயதில் அவர் தாமாக விரும்பி இளைப்பாறலாம். விரும்பாவிடின் 60 வயது வரை கடமையில் இருக்கலாம். "உழைத்தது போதும், கைகால் சுகமாய் இருக்கும்போதே வாழ்வை அனுபவிப்போம்" என்கிறது ஒரு மனம். "இன்னும் ஐந்து வருடம் இருந்தால் ஓய்வூதியம் கூடும், வீட்டுக் கடன் தீரும், மகளின் கல்யாண காரியமும் ஒப்பேறும்" என்கிறது மறுமனம். வெறும் பணக் கணக்குப் போலத் தோன்றினாலும் இது உண்மையில் ஓர் அறக் கேள்வியே ஆகும்.

இளைப்பாறுதல் என்ற சொல்லையே முதலில் சிந்திக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் முன்னோர் சுமைதாங்கிகளும் மடங்களும் அமைத்தனர். பருத்தித்துறைத் தெருமூடிமடம் அதற்குச் சான்றாக இன்றும் நிற்கின்றது. தலைச்சுமையோடு வந்தவர் சுமையை இறக்கி வைத்து, தண்ணீர் அருந்தி, களைப்பு நீங்கியதும் தம் வழியே நடந்தார். மடத்திலேயே குடியிருப்பதற்காக எவரும் அங்கு வரவில்லை. இளைப்பாறுதல் பயணத்தின் ஒரு பகுதியே அன்றிப் பயணத்தின் முடிவு அன்று.

நமது சமயமும் இதனையே உணர்த்துகின்றது. இல்லறக் கடமைகளை முடித்தவர் பொறுப்புகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு மேற்கொள்ளும் நிலை வானப்பிரஸ்தம் எனப்பட்டது. பல்லவ மன்னனின் படைத்தலைவராய் வாதாபியை வென்ற பரஞ்சோதியார், அதன்பின் மன்னனிடம் விடைபெற்றுத் திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்பினார். வெற்றியின் உச்சியில் பதவியைத் துறந்த அவர் சும்மா இருக்கவில்லை. அடியார்களுக்கு அமுதளித்த பின்னரே தாம் உண்டு, சிறுத்தொண்டர் என்ற பெயரால் நாயன்மாருள் ஒருவரானார்.

அண்மைக் காலத்திலும் உதாரணம் உண்டு. 1851 இல் பிறந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் சொலிசிற்றர் ஜெனரல் பதவியில் இருந்து 1906 இல் இளைப்பாறினார். அப்போது அவருக்கு வயது 55. கொழும்புப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லால் மீளக் கட்டுவித்ததும், 1913 இல் மருதனார்மடத்தில் பெண்கள் கல்லூரியையும் 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவியதும் அதற்குப் பின்னரே.

"அவர் செல்வந்தர், மாத ஓய்வூதியத்தை நம்பியிருக்கும் எழுதுவினைஞர் என்ன செய்வார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிராமங்களில் இருவகையினரைக் காண்கின்றோம். ஒருவர் 55 இல் விலகி, சாய்மனைக் கதிரையில் அமர்ந்து பத்திரிகையை இருமுறை வாசித்து, ஆறு மாதத்தில் அலுத்துப் போய், வீட்டாரைக் குறைகூறுவதையே தொழிலாக்கிக் கொள்கிறார். மற்றவர், மனைவி சிதம்பரம் போக ஆசைப்பட்ட போதெல்லாம் "பென்சன் எடுத்த பிறகு போவோம்" என்று தவணை சொல்லி 60 வரை உழைக்கிறார். பணிக்கொடைப் பணம் கைக்கு வந்தபோது சிதம்பரத்துக்குத் தனியாகவே போய் வருகிறார். முன்னவர் ஓய்வை அனுபவிக்கத் தெரியாதவர். பின்னவரோ அனுபவிக்கக் காலத்தைத் தவறவிட்டவர்.

நாளை என்று ஒத்திவைப்பது எத்துணை நிச்சயமற்றது என்பதை அரசாங்கமே காட்டியது. 2022 தொடக்கத்தில் கட்டாய இளைப்பாறும் வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வருட முடிவிலேயே மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டது. இன்னும் சில வருடம் உண்டு எனக் கணக்கிட்டிருந்தவர்கள் திடீரென வீட்டுக்கு வந்தனர். கந்தோர்த் திகதியே இப்படியென்றால், உயிரின் திகதியை யார் அறிவார்?

ஆகவே, முன்னதாக இளைப்பாறுவது குற்றமும் அன்று, அதுவே புத்திசாலித்தனமும் அன்று. படிக்கும் பிள்ளையும் தீராத கடனும் இருக்கையில் சலிப்பினால் மட்டும் விலகுபவர் தம் சுமையை இறக்கவில்லை. மனைவி மக்கள் தலையில் ஏற்றுகிறார். கடமைகள் முடிந்த பின்னும் பதவியின் மதிப்புக்காகவும் இன்னும் கொஞ்சப் பணத்துக்காகவும் கதிரையைப் பற்றிக்கொண்டிருப்பவரோ வேண்டாத சுமையைத் தாமே சுமக்கிறார். கடமை தீர்ந்ததா என்று மட்டுமல்ல, விலகியபின் காலையில் எழுந்து எதற்காகப் புறப்படுவோம் என்றும் தம்மைத் தாமே கேட்டு விடை கண்டவர் 55 இலும் அஞ்சாது விலகலாம்.

அனுபவிக்க வேண்டியவற்றை எல்லாம் அந்த நாளுக்கென்று சேமித்து வைக்கவும் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஆலய வீதியைக் கூட்டுவதற்கும், பூமாலை கட்டுவதற்கும், பேரப்பிள்ளைக்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பதற்கும், மனைவியுடன் ஒருமுறை திருக்கேதீச்சரம் சென்று வருவதற்கும் எந்தத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதமும் தேவையில்லை. இவற்றை இன்றே பழகியவருக்கு இளைப்பாறும் நாள் பயத்தைத் தராது. அந்த நல்ல மனத்தை அடியார்கள் யாவருக்கும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.