யார் மெழுகுவது?

இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் கெல்ம்ஸ்காட் என்றொரு பண்ணைவீடு. 1600ஐ ஒட்டி உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லில் எழுப்பியது. கூரையும் கல்தான்: விளிம்பில் பெரிய தகடுகள், முகட்டை நோக்கிப் போகப்போகச் சிறியவை. வில்லியம் மாரிஸ் 1871இல் ரோஸெட்டியோடு சேர்ந்து இதைக் குத்தகைக்கு எடுத்து, 1896இல் சாகும்வரை வைத்திருந்தார். 'புதுப்பித்தல்' என்ற பெயரில் பழங்கட்டடங்களைச் சிதைப்பதை எதிர்த்து 1877இல் அவர் தொடங்கிய சங்கத்தின் வாதம் எளியது. பழமையை ஜோடிக்காதே; அன்றாடம் பராமரி. இந்த 'அன்றாடம்' என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

எம்.ரெட்டியபட்டியில் எங்கள் தாத்தா வீடு மண்சுவர், பனை விட்டம், நாட்டோடு. கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும். மேலே நிற்கும் சுவரும் கூடவே விரிசல் விடும். விரிசலை அடைத்து, மண்ணும் சாணியும் குழைத்து மெழுகினால் அடுத்த மழைவரை தாங்கும். அப்படி நாற்பது வருஷம் அதை நிறுத்தி வைத்தவள் என் அத்தை.

இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டலாம் என்று அத்தை மகன் சொன்னபோது மாரிஸ் பலத்தில் மறுத்தேன். எனக்கும் பாகம் உண்டு, கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அத்தை கேட்டாள்: "அழகா இருக்குங்கிறெ, சரிப்பா. வருஷா வருஷம் வந்து மெழுகிக் குடுத்துட்டுப் போறியா?"

சுவரில் நான் வடிவம் என்று ரசித்தது அவள் விரல் ஓடிய வளைவுகளைத்தான். கல்வீட்டில் கொத்தன் கை எப்போதோ ஓய்ந்துவிட்டது; பார்ப்பவனுக்குக் கடன் உறுத்துவதில்லை. (கல்லுக்கும் பராமரிப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அல்ல.) மண்வீட்டின் அழகோ ஒவ்வொரு வருஷமும் ஒரு இடுப்பின் வலியில் புதிதாக வாங்கப்படுகிறது. வாங்கியவள் ஒருத்தி, ரசனை என்னுடையது. மாரிஸ் சோஷலிஸ்ட், 'அன்றாடம்' சரி, யாருடைய கை என்ற கேள்வி அவருக்கு அந்நியமாக இருந்திராது. அவரைப் படித்த எனக்குத்தான் தோன்றவில்லை.

பக்கத்தில் திருச்சுழியில், ரமணர் 1879இல் பிறந்த வீட்டை ஆசிரமம் காத்து வருகிறது. மாரிஸ் இறந்த அதே 1896இல் வீட்டைத் துறந்து மதுரையிலிருந்து போனவருடைய வீடு. கெல்ம்ஸ்காட்டுக்கும் 1962 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் மகானாகவில்லை, கவிஞனுமாகவில்லை. ஸ்தாபனம் இல்லாத வீட்டுக்கு ஸ்தாபனமாக இருந்தவள் ஒருத்திதான்.

இடித்தால் அவளுடைய நாற்பது வருஷமும் மண்ணோடு போகும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் போன தையில் கையெழுத்துப் போட்டேன். அத்தை அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. புது வீட்டுத் தரை சிமெண்டா டைல்ஸா என்று மட்டும் விசாரித்தாள்.